சுருதிக்குக் கணக்கெழுதிய சுவாமி

எமது தேரா பஜனையில் சுருதிப்பெட்டி ஒலிக்கும்போதெல்லாம் சுவாமி விபுலானந்தரை நினைப்பேன். 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்தவர். விஞ்ஞானப் பட்டதாரி, 1924இல் துறவியானார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர்.

மறைந்துபோன யாழின் சுருதிகளைச் சிலப்பதிகாரத்திலிருந்து கணிதத்தால் மீட்க ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைத்தார். குரல் என்னும் சுரத்துக்கு இளி ஒன்றரை மடங்கு. அப்படியே இளிக்கு இளியாகப் 12 தரம் ஏறினால், ஏழு ஸ்தாயியைவிட 1.36 சதவீதம் மிஞ்சும். ஐந்தொகையில் இப்படி மிஞ்சினால் எனக்கு உறக்கம் வராது! அந்த மிச்சத்தை எங்கே வைப்பது என்பதுதான் சுருதிக் கணக்கின் சிக்கல்.

நோயுற்ற உடலோடு 1947 ஜூன் 5ஆம் திகதி திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூலை அரங்கேற்றினார். அவர் கணக்கின்படி புதிதாகச் செய்த யாழ்களும் அங்கே ஒலித்தன. சரியாக 44 நாட்களில், ஜூலை 19இல், கொழும்பில் காலமானார்.