கெல்வின் பிரபு

வெப்பநிலை அளவையில் வழங்கும் கெல்வின் என்னும் பெயரை நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கின்றனர். அப்பெயருக்குரிய பேரறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக வரைகின்றோம்.

வில்லியம் தாம்சன் 1824ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகரில் பிறந்தார். ஆறு வயதிலேயே தாயை இழந்த அவருக்குக் கணித ஆசிரியரான தந்தையே முதற் குருவானார். பத்தாம் வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் புகுந்தார்; பின்னர்க் கேம்பிரிட்ஜில் பயின்றார். 1846இல், தம் 22ஆம் வயதில், கிளாஸ்கோவில் பௌதிகப் பேராசிரியராகி, 53 ஆண்டுகள் அப்பதவியை அணிசெய்தார்.

1856இல் அவர் இரும்பைக் காந்தப்புலத்தில் வைத்து அதன் மின்தடையை அளந்தார். புலத்தின் திசையில் மின்சாரம் ஓடுங்கால் தடை சற்றே மிகுந்தது. குறுக்கே ஓடுங்கால் சற்றே குறைந்தது. வேறுபாடு நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவே. எனினும், அற்பமென்று தள்ளாமல் முறையாகப் பதிவு செய்தார்.

நுண்மையை மதிக்கும் இக்குணமே அவரை உலகறியச் செய்தது. 1858இல் அட்லாண்டிக் கடலடியில் இட்ட தந்திக் கம்பி, மிகையான மின்னழுத்தம் செலுத்தப்பட்டமையால் சில வாரங்களில் முற்றும் கெட்டது. தாம்சனோ, சிறு காந்தத்தில் ஒட்டிய கண்ணாடியின் ஒளிப்புள்ளி அசைவால் மிக மெல்லிய மின்னோட்டத்தையும் அறியும் கருவியை அமைத்தார். 1866இல் கம்பித் தொடர்பு நிலைபெற்றது. அவருக்கு சர் பட்டமும் கிட்டியது. 1892இல் பிரபுவானார். 1907 டிசம்பர் 17இல் மறைந்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனுக்கு அருகே அடக்கம் பெற்றார்.

அவர் கண்ட காந்தத்தடை விளைவு என்னாயிற்று? கம்பிச்சுருளில் சிறிய மின்னோட்டத்தை மாற்றினால் அதன் காந்தப்புலம் மாறும். அருகிலுள்ள பொருளின் தடையும் மாறும். அதன் வழியே ஓடும் பெரிய மின்னோட்டம் அதற்கேற்பக் கூடிக் குறையும். இதுவே பெருக்கியின் தத்துவம். பெருகியதில் ஒரு பங்கைச் சுருளுக்கே தக்கவாறு திருப்பினால், இடையறாது அலையும் அலையியற்றி உண்டாகும். ஆயின், இரும்பின் சிறு மாறுதல் இதற்குப் போதவில்லை.

1988இல் பிரான்சின் பெர்ட்டும் ஜெர்மனியின் கிரூன்பெர்க்கும் இரும்பு, குரோமியம் ஆகியவற்றின் மெல்லிய அடுக்குகளில் பன்மடங்கு பெரிய விளைவைத் தனித்தனியே கண்டனர். கணிப்பொறித் தட்டுகளைப் படிக்கும் முனைகள் அதனால் நுண்மை பெற்றன. 2003இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார், நேர்மின்னோட்டத்தால் நுண்காந்த அடுக்கை நொடிக்குப் பல நூறு கோடி முறை அலையச் செய்து, அவ்வலைவைத் தடைமாற்றத்தால் அறிந்தனர். பெர்ட்டுக்கும் கிரூன்பெர்க்குக்கும் நோபல் பரிசு கிடைத்த 2007, கெல்வின் மறைந்த நூறாம் ஆண்டு.

பயன் தெரியாத சிற்றளவையும் பிழையின்றி எழுதிவைத்தல் ஒரு கடமை. அதன் பலனை அவர் காணவில்லை, நாம் காண்கின்றோம். நம் இளைஞர்கள் இதனை நெஞ்சிற் கொள்வாராக!