தேர்தலில் நின்ற விஞ்ஞானி

பௌதிகம் பயிலும் எனக்கு மேகநாத சாகா என்றதும் நினைவுக்கு வருவது, 1920-இல் அவர் கண்ட அயனியாக்கச் சமன்பாடு. விண்மீன்களின் நிறமாலையிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழிகாட்டியது அது. ஆனால் அவர் வாழ்வில் வேறொரு கணக்கும் உண்டு. அது ஓட்டுக் கணக்கு.

டாக்காவை அடுத்த ஒரு சிற்றூரில், 1893-இல், எளிய கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் சாகா. 1905-இல் கவர்னரின் வருகையைப் பகிஷ்கரித்த மாணவர்களோடு நின்றதால், பள்ளியையும் உபகாரச் சம்பளத்தையும் ஒருங்கே இழந்தார். பின்னர் கல்கத்தாவில் பயின்றபோது, விடுதியில் சாதி பார்த்த மாணவர்கள் அவரோடு அமர்ந்து உண்ண மறுத்தனர். வீட்டைப் பிரிந்து விடுதிச் சோறு உண்ணும் நமக்கு அந்த அவமதிப்பின் கொடுமையை விளக்க வேண்டுமா?

விஞ்ஞானம் ஆய்வுக்கூடத்தில் அடைபட்டுக் கிடக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. வெள்ளத் தடுப்பு, ஆற்றுத் திட்டங்கள், தொழில் வளர்ச்சி ஆகியவை பற்றி, 1935-இல் தொடங்கிய தம் பத்திரிகையில் ஓயாது எழுதினார். எழுத்தோடு நிற்கவில்லை. முதல் பொதுத் தேர்தலில், இடதுசாரிக் கூட்டணியின் ஆதரவோடு, வடமேற்குக் கல்கத்தாத் தொகுதியில் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்டார். செலவுக்குப் பணம் போதவில்லை. தம் வெப்பவியல் பாடநூலின் பதிப்பாளரிடம் 5,000 ரூபாய் முன்பணம் கேட்டு எழுதினார். இன்றும் நம் நூலகங்களில் இருக்கும் நூல்தான் அது!

நாடெங்கும் 489 இடங்களில் 364-ஐக் காங்கிரஸ் வென்ற தேர்தல் அது. ஆனால் கல்கத்தாவின் 4 இடங்களில் அதற்குக் கிடைத்தது ஒன்றுதான். வடமேற்கில் காங்கிரஸ் வேட்பாளர் பிரபுதயாள் ஹிமத்சிங்காவைச் சாகா தோற்கடித்தார். அவையில் அணுசக்தி பற்றியும் அகதிகளின் மறுவாழ்வு பற்றியும் அரசைத் துளைத்துக் கேள்வி கேட்டார்.

1956 பிப்ரவரி 16-ஆம் நாள், டில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் உயிர் நீத்தார். அப்போது வங்காளத்தையும் பீகாரையும் ஒன்றாக இணைக்கும் யோசனை நாட்டைக் கலக்கிக்கொண்டிருந்தது. அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில், இணைப்பை எதிர்த்து நின்ற மோகித் மொய்த்ரா வென்றார். முதலமைச்சர் பி. சி. ராய் அந்த யோசனையையே கைவிட்டார். ஒரு நகரத் தொகுதியின் முடிவு இரு மாநிலங்களின் எல்லையைக் காத்தது.

ஆய்வுக்கூடத்தில் இருப்பவனுக்கு அரசியல் எதற்கு என்று கேட்கும் நண்பர்களே, ஊர் தொலைவில் இருக்கிறது என்று ஓட்டை விட்டுவிடாதீர்கள். விடுதி முகவரியிலேயே வாக்காளராகப் பதிந்துகொள்ள வழியிருக்கிறது. சாகா தேர்தலில் நிற்கவே துணிந்தார். நாம் வரிசையிலாவது நிற்போம்.