தடையை வழியாக்கிய மருத்துவர்

ஆண்களின் உடலில் சிறுநீர்ப்பைக்குக் கீழே ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் புரோஸ்டேட். சிறுநீர் வெளியேறும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே செல்கிறது. வயது ஏற ஏற, இச்சுரப்பியில் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது. இந்நோய் பரவும்போது பெரும்பாலும் எலும்புகளைப் பற்றிக்கொள்ளும். 1930களில் அந்த நிலையை அடைந்தவர்கள் தாங்க முடியாத வலியால் துடித்தனர். வலியைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தவிர மருத்துவர்களால் அதிகம் எதுவும் செய்ய இயலவில்லை. அந்த நிலையை மாற்றியவர் டாக்டர் சார்லஸ் பிரெண்டன் ஹக்கின்ஸ்.

ஹக்கின்ஸ் 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு மருந்தாளர். படிப்பில் சுட்டியான ஹக்கின்ஸ், 1920இல் அகேடியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1924இல் மருத்துவரானார். அப்போது அவருக்கு வயது 22 மட்டுமே. அதன்பின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை மருத்துவப் பயிற்சி பெற்றார்.

1927இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் புதிதாக உருவாகிக்கொண்டிருந்த மருத்துவப் பள்ளியில் ஹக்கின்ஸ் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்குச் சிறுநீர்ப்பாதை நோய்களைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்துறையில் அவருக்கு முன் அனுபவம் மிகக் குறைவு. எனினும், அவர் பின்வாங்கவில்லை. அத்துறை நூல்களைக் கரைத்துக் குடித்தார். அறுவைக் கூடத்தில் நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, மீதி நேரத்தை ஆய்வுக்கூடத்திலேயே செலவிட்டார். 1931இல் ஐரோப்பாவுக்குச் சென்று, பெர்லின் நகரில் அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க்கின் ஆய்வுக்கூடத்திலும் பயின்றார்.

புரோஸ்டேட் சுரப்பி ஒரு திரவத்தைச் சுரக்கிறது. அந்தத் திரவம் எப்படி உண்டாகிறது, அதன் அளவு எதனால் கூடுகிறது அல்லது குறைகிறது என்பதை அறிய ஹக்கின்ஸ் விரும்பினார். இதற்காக நாய்களை வைத்து ஆய்வு செய்தார். திரவம் சிறுநீருடன் கலந்துவிட்டால் அதைச் சரியாக அளக்க முடியாது. ஆகவே, அதைத் தனியாகச் சேகரிப்பதற்கு ஓர் அறுவை முறையை உருவாக்கினார். ஆண் ஹார்மோன் குறைந்தால் சுரப்பி சுருங்கித் திரவமும் வற்றிப் போவதைக் கண்டார். ஹார்மோனை மீண்டும் செலுத்தியபோது திரவம் மறுபடியும் சுரந்தது.

இந்த ஆய்வின்போது ஓர் இடையூறு ஏற்பட்டது. மனிதர்களைப் போலவே வயதான நாய்களுக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் கட்டிகள் தோன்றுவதுண்டு. ஆய்வுக்குக் கொண்டுவரப்பட்ட நாய்கள் சிலவற்றுக்கும் அத்தகைய கட்டிகள் இருந்தன. அவை அளவீடுகளைக் கெடுத்ததால் ஹக்கின்ஸுக்கு முதலில் எரிச்சலே உண்டானது. அந்த நாய்களை ஒதுக்கிவிட்டு, நலமான நாய்களை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஆய்வைத் தொடர்ந்திருக்கலாம். ஆனால், அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஆண் ஹார்மோன் குறைந்தால் நலமான சுரப்பி சுருங்குகிறது என்றால், கட்டி என்ன ஆகும்?

சோதித்துப் பார்த்தபோது கட்டிகளும் சுருங்கின. அதன்பிறகு, இடையூறாகத் தெரிந்த அதே நாய்களை அவர் தேடிப் பிடித்து ஆராயத் தொடங்கினார்.

அடுத்த கட்டம் மனிதர்களுக்கான சிகிச்சை. ஹக்கின்ஸும் அவருடன் பணியாற்றிய இளம் மருத்துவர் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் சேர்ந்து, நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தனர். சிலருக்கு ஆண் ஹார்மோனைச் சுரக்கும் விந்தகங்கள் அறுவை சிகிச்சையின் மூலம் அகற்றப்பட்டன. வேறு சிலருக்கு, அந்த ஹார்மோனின் செயலை அடக்கும் பெண் ஹார்மோன் வகை மருந்து கொடுக்கப்பட்டது. சிகிச்சை பலன் தருகிறதா என்பதை அறிய நோயாளிகளின் சொற்களை மட்டும் அவர்கள் நம்பியிருக்கவில்லை. இந்நோய் எலும்புக்குப் பரவும்போது, அமில ஃபாஸ்ஃபடேஸ் என்னும் நொதி இரத்தத்தில் மிகும். அதன் அளவை அவர்கள் தொடர்ந்து சோதித்தனர். சிகிச்சைக்குப் பின் பலருக்கு அந்த அளவு குறைந்தது. அத்துடன், படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களில் சிலருக்கு ஒரு சில நாள்களிலேயே வலி தணிந்தது. இந்த முடிவுகள் 1941இல் வெளியிடப்பட்டன.

புற்றுநோய் அணுக்கள் உடலின் கட்டுப்பாட்டை மீறித் தம் விருப்பப்படி வளர்பவை என்றே அக்காலத்தில் பலரும் கருதினர். சில புற்றுநோய்கள் உடலில் சுரக்கும் ஹார்மோனைச் சார்ந்தே வளர்கின்றன என்பதை ஹக்கின்ஸ் மெய்ப்பித்தார். நீர் பாய்ச்சுவதை நிறுத்தினால் களைச்செடி வாடுவதுபோல, ஹார்மோனைத் தடுத்தால் அந்நோயும் அடங்கும் என்பது தெளிவாயிற்று.

எனினும், இச்சிகிச்சை நோயை அடியோடு ஒழித்துவிடவில்லை. பலருக்குச் சில காலம் கழித்து நோய் மீண்டும் தலைதூக்கியது. முதன்முதலில் சிகிச்சை பெற்ற 21 பேரில் நால்வர் மட்டுமே 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். இந்தக் குறையை ஹக்கின்ஸ் மூடி மறைக்கவில்லை. மாறாக, ஆய்வை மேலும் விரிவாக்கினார். 1951இல் சிக்காகோவில் தொடங்கப்பட்ட பென் மே புற்றுநோய் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்று, மார்பகப் புற்றுநோய்க்கும் ஹார்மோன்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்.

1966ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஹக்கின்ஸைத் தேடி வந்தது. புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைக் கண்டறிந்த பெய்டன் ரவுஸுடன் அவர் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1941இல் அவர் செய்த பணிக்கு 25 ஆண்டுகள் கழித்தே அந்த அங்கீகாரம் கிடைத்தது. புகழ் வந்த பின்னரும் அவர் ஆய்வுக்கூடத்தை மறக்கவில்லை. தாம் படித்த அகேடியா பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் 1970களில் பணியாற்றினார். 1997ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், தமது 95ஆம் வயதில், சிக்காகோவில் காலமானார்.

இன்று இந்நோயைக் கண்டறியப் புதிய இரத்தப் பரிசோதனைகளும், உடலின் உட்பகுதியைக் காட்டும் கருவிகளும் உள்ளன. ஹார்மோனைத் தடுக்கும் ஊசிகளும் மாத்திரைகளும் வந்துவிட்டன. ஆயினும், பரவிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனைத் தடுப்பது இன்றும் முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்றாக விளங்குகிறது. ஆய்வுக்கு இடையூறாக வந்த நாய்களை ஒதுக்கித் தள்ளாமல், அவற்றைக் கண்டு ஒரு கேள்வி கேட்டார் ஹக்கின்ஸ். அந்தக் கேள்வியின் பயனை உலகெங்கும் உள்ள நோயாளிகள் இன்றும் பெற்று வருகின்றனர்.