பாலசரஸ்வதி: பாட்டின் பொருளை விட்டுக்கொடுக்காத நடனமணி

குளுவாங் மாவட்டத்தின் லாயாங் லாயாங் போன்ற சிற்றூரோ, கோலாலம்பூரோ, தமிழர் கலைநிகழ்ச்சின்னா பெரும்பாலும் ஒரு பரதநாட்டியம் இருக்கும். சலங்கை, நகை, பட்டு எல்லாம் கண்ணுக்கு நிறைவு. ஆனால் பின்னணியில் ஒலிக்கும் பாட்டு என்ன சொல்கிறது என்று ஆடுபவருக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கத் தன் ஆட்டத்தால் எழுப்பியவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி.

யார் இவர்?

1918 மே 13-ஆம் தேதி சென்னையில் பிறந்தார். பாட்டி, புகழ்பெற்ற வீணைக் கலைஞர் தனம்மாள். அம்மா ஜெயம்மாள் பாடகி. தஞ்சாவூர் அரசவையில் ஆடிப் பாடிய தேவதாசி மரபில் வந்த குடும்பம்.

மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆட்டத்தைப் பார்த்துதான் சிறுமி பாலாவுக்கு ஆசை பிறந்தது. தஞ்சை நால்வரின் வழிவந்த கந்தப்பா பிள்ளையிடம் கடுமையான பயிற்சி. 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம்.

பெயர் ஏன் மாறியது?

அப்போது இந்த ஆட்டத்தைச் சதிர் என்றுதான் பலரும் அழைத்தார்கள். தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் வலுத்திருந்த காலம். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அதில் முன்னணியில் நின்றார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்தது. சிறுமிகளுக்கு அது பாதுகாப்பு. ஆனா, ஆட்டத்தைக் காத்து வந்த குடும்பங்கள் மேல் படிந்த இழிவு சட்டத்தால் போகவில்லை.

இதற்கிடையே 1932-இல் சென்னை மியூசிக் அகாடமி பரதநாட்டியம் என்ற பெயரை ஏற்றது. 1936-இல் ருக்மணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். வசதியான குடும்பத்துப் பெண்கள் ஆட வந்தார்கள். சபா மேடை, டிக்கெட், புதிய ரசிகர்கள் என்று ஒரு சந்தையும் உருவானது.

அந்தச் சந்தைக்குச் சில சொற்கள் சங்கடமாக இருந்தன. காதலைப் பேசும் பதங்கள் ஓரங்கட்டப்பட்டன. பக்தி முன்னால் வந்தது. ருக்மணி தேவியின் பார்வையில் அது கலைக்கு மரியாதை தேடும் வழி. பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. சிருங்காரம்தான் இந்தக் கலையின் உயிர், அதில் கழுவ வேண்டிய அழுக்கு எதுவும் இல்லை என்பதே அவருடைய நிலை.

மொழி எங்கே வருகிறது?

அவர் ஆடிக்கொண்டே பாடவும் செய்தார். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு முறையும் முகமும் கையும் வேறொரு பொருளைச் சொல்லும். கோபம், ஏக்கம், கேலி என்று ஒரு சொல்லுக்குள் பல மனநிலைகள். மொழி தெரியாமல் இதைச் செய்ய முடியாது, இல்லையா? தமிழ், தெலுங்கு, கன்னடம் என எந்த மொழிப் பாட்டானாலும் அவருக்கு விதி ஒன்றுதான்: சொல் புரிந்த பிறகே அபிநயம்.

வாழ்க்கை எளிதாக இருந்ததா?

இல்லை. 1941-இல் குரு காலமானார். உடல்நலம் குன்றியது, மேடை வாய்ப்புகள் குறைந்தன. 1950-களில் மீண்டு வந்தார். 1961-இல் தோக்கியோ, 1962-இல் அமெரிக்கா, 1963-இல் எடின்பரோ. மொழி புரியாத ரசிகர்களுக்காகக்கூட அவர் பதங்களைக் கைவிடவில்லை.

1973-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. அதைப் பெற்ற முதல் நடனக் கலைஞர் அவர். 1975-இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில், பரதக் கச்சேரியின் வரிசையைக் கோயிலுக்குள் படிப்படியாக நுழைவதோடு ஒப்பிட்டுப் பேசினார். 1976-இல் சத்யஜித் ரே இவரைப் பற்றி ‘பாலா’ என்ற ஆவணப்படம் எடுத்தார். 1984 பிப்ரவரி 9-ஆம் தேதி மறைந்தார்.

இன்று நமக்கு என்ன?

அரங்கேற்றம் இன்று மண்டபம், ஒப்பனை, வீடியோ எல்லாம் சேர்ந்த பெரிய செலவு. அழைப்பிதழில் பாரம்பரியம், தெய்வீகம் போன்ற சொற்கள் தாராளமாக இருக்கும். ஆனா பதத்தின் ஒரு வரிக்குப் பொருள் கேட்டால் சில நேரம் பதில் வராது. சொல் விளம்பரத்துக்கு மட்டும் பயன்பட்டால், மொழியும் மேடை அலங்காரத்தில் ஒன்றாகிவிடும்.

வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளுக்கு நடன வகுப்பு ஒரு நல்ல தமிழ் வகுப்பாகவும் இருக்க முடியும். அடுத்த முறை பயிற்சிக்குப் போகும்போது, அடவுக்கு முன்னால் பாட்டின் பொருளை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்க.