ஊர் கட்டிய பள்ளிக்கூடம்
கர்மவீரர் பாவுராவ் பாட்டீல் வாழ்க்கைச் சித்திரம்



ஒவ்வொரு வருஷமும் அட்மிஷன் நேரத்தில் நம்ம ஆபீஸ் ஜன்னல் முன்னாடி நிற்கிற வரிசையைக் கவனித்திருக்கிறீர்களா? வெள்ளை வேட்டியில் ஒரு அப்பா, முந்தானை முடிச்சில் பணத்தை வைத்துக்கொண்டு ஒரு அம்மா. அந்தப் பணத்தில் பாதி அடகுக் கடையிலிருந்து வந்தது என்பது நம்மில் பல பேருக்குத் தெரியும். ஆனா வெளியே சொல்ல மாட்டோம். நம்ம படிப்பை நடத்துவது கல்லூரி மட்டுமா? வீடும் ஊரும் சேர்ந்துதானே தூக்கிப் பிடிக்கின்றன! இந்த உண்மையையே அடித்தளமாக வைத்து நூற்றுக்கணக்கான பள்ளிகளை எழுப்பிய ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கர்மவீரர் என்றால் நமக்குக் காமராஜர். மராட்டிய மண்ணில் கர்மவீரர் என்றால் பாவுராவ் பாட்டீல்.

விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவன்

1887 செப்டம்பர் 22-ல் கோலாப்பூர் பகுதியில் உள்ள கும்போஜ் என்ற ஊரில், சமண விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் பாவுராவ். படிப்பதற்காகக் கோலாப்பூர் சென்று, ராஜாராம் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, சமண மாணவர் விடுதியில் தங்கினார். அந்த நகரில் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நடந்த விடுதி விழா ஒன்றுக்கு அவர் போய் வந்தார். திரும்பியதும் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றது விடுதி நிர்வாகம். முடியாது என்று மறுத்தார் பாவுராவ். அதோடு விடுதி வாசம் முடிந்தது. பள்ளிப் படிப்பையும் அவர் முழுசாக முடிக்கவில்லை.

பெரிய பட்டம் எதுவும் கிடையாது. சாதாராவில் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தார். பிறகு விற்பனைப் பிரதிநிதி ஆனார். என்ன விற்றார் தெரியுமா? ஒகலே நிறுவனத்தின் கண்ணாடி விளக்குகள், கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பைகள்! மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க... கலப்பை விற்கப் போன மனிதர் ஊர் ஊராக என்ன பார்த்தார்? நிலத்தை உழத் தெரிந்தவன் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைப்பதைப் பார்த்தார். ஊருக்குள்ளே இரும்புக் கலப்பை வந்துவிட்டது. எழுத்து இன்னும் வரவில்லை.

ஒரே அடுப்பு, ஒரே பந்தி

1919-ல் கராட் அருகே காலே என்ற கிராமத்தில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கினார். ரயத்துவாரி முறை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதே ரயத்தான் இது. ரயத் என்றால் உழுகிற குடிமக்கள். குடிமக்களின் கல்விக் கழகம் என்பதே அந்தப் பெயருக்கு அர்த்தம்.

1924-ல் சாதாரா நகரில் மாணவர் விடுதியை நிறுவினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். இன்னைக்கு நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் இது சாதாரணம். அன்றைக்கு அது பெரிய கலகம்! 1927-ல் காந்தியடிகள் நேரில் வந்து, அந்த விடுதிக்குக் கோலாப்பூர் மன்னர் சத்ரபதி சாகுவின் பெயரைச் சூட்டினார்.

இங்கே ஒன்றை நாம் யோசிக்க வேண்டும். ஊரும் பள்ளியும் ஒன்று சேர வேண்டும் என்று மேடைகளில் சுலபமாகப் பேசிவிடுகிறோம். ஆனால் ஊர் என்பது ஏற்கெனவே ஒன்றாக இருந்ததா என்ன? மேலத்தெரு, கீழத்தெரு என்று பிரிந்து கிடந்தது. ஒரு தெருப் பிள்ளைக்குப் பள்ளித் திண்ணைகூட மறுக்கப்பட்டது. ஆகவே ஊரிடம் உதவி கேட்பதற்கு முன், ஊர் என்றால் யார் என்பதைத் தன் விடுதிப் பந்தியில் பாவுராவ் செய்து காட்டினார். அவருடைய வேலையில் மிகக் கடினமான பகுதி இதுவே என்றால் அது மிகையாகாது.

லட்சுமிபாயின் தாலி

அந்தப் பந்திக்குச் சோறு எங்கிருந்து வந்தது? அறுவடைக் காலத்தில் கிராமங்களுக்குப் போய்த் தானியமாகவே வாங்கினார். கையில் காசில்லாத விவசாயிகூடக் களத்து மேட்டில் இருந்து கொஞ்சம் சோளம் அள்ளிக் கொடுக்க முடியும் அல்லவா? கொடுத்தவனுக்கு அந்தப் பள்ளி அதற்குப் பிறகு வேற்று இடம் இல்லை, அவனுடைய சோளம் வேகிற வீடு!

கேட்டது ஊரிடம் மட்டும் இல்லை. முதல் பங்கு அவர் வீட்டிலிருந்தே போனது. மனைவி லட்சுமிபாய் ஆசாரமான குடும்பத்தில் வளர்ந்தவர். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தன் வீட்டில் புழங்குவது தொடக்கத்தில் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. ஆனால் நாளடைவில் அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் அவரே தாயானார். நகைகள் ஒவ்வொன்றாக விடுதிச் செலவுக்குப் போயின. ஒருமுறை கணவர் ஊரில் இல்லாத நேரம், விடுதியில் தானியம் தீர்ந்துபோனது. கழுத்தில் மிஞ்சியிருந்த மங்கலசூத்திரத்தையும் கழற்றிக் கொடுத்தார் அந்த அம்மா. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். 1930-ல் லட்சுமிபாய் காலமானார். பின்னாளில் அந்தக் கழகம் கண்ட வளர்ச்சியைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

உழைத்துப் படி

மூன்றாவது பங்கு மாணவனுடையது. சும்மா சாப்பிட்டுப் படிக்கும் ஏற்பாடு பாவுராவுக்குப் பிடிக்காது. வயலில் வேலை, தோட்ட வேலை, கட்டட வேலை என்று மாணவர்கள் உழைத்தே படித்தார்கள். தன் கையால் மண் சுமந்து எழுப்பிய சுவரில் எவனாவது ஆணியால் கிறுக்குவானா? யோசித்துப் பாருங்கள்.

1935-ல் கிராமப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கப் பயிற்சிக் கல்லூரி வந்தது. 1938 முதல் பள்ளியே இல்லாத சிற்றூர்களில் தன்னார்வப் பள்ளிகள் பரவின. இடம் ஊருடையது, கோயில் மண்டபமோ சாவடியோ எதுவானாலும் சரி. ஆசிரியரைக் கழகம் தந்தது. இப்படி எழுந்த பள்ளிகள் மொத்தம் 578. பின்னர் இவை அரசின் பொறுப்புக்கு மாறின. அரசாங்கத்தின் கடமையை ஊர் தலையில் நிரந்தரமாகக் கட்டிவிட அவர் நினைக்கவில்லை. ஊர் தொடங்கி வைக்கும், அரசு தாங்கிப் பிடிக்கும் என்பதே அவர் கண்ட வழி.

1940-ல் சாதாராவில் மகாராஜா சாயாஜிராவ் உயர்நிலைப் பள்ளி, உழைத்துப் படிக்கும் இலவச உறைவிடப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. 1947-ல் சத்ரபதி சிவாஜி கல்லூரி.

மானியம் நின்ற நாள்

சோதனை 1948-ல் வந்தது. அரசை வெளிப்படையாக விமர்சித்ததால், பம்பாய் அரசு கழகத்துக்குத் தந்துவந்த மானியத்தை நிறுத்தியது. காந்தியடிகளின் நினைவாக 101 உயர்நிலைப் பள்ளிகள் தொடங்குவது என்று உறுதி எடுத்திருந்த நேரம் அது! வேறொருவராக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். பாவுராவ் மறுபடியும் மக்களிடம் போனார். ஆளுக்கு ஒரு ரூபாய் கேட்டார். கொடுத்தவர்கள் யார்? முன்பு சோளம் கொடுத்த அதே கைகள். பள்ளிகள் தொடர்ந்து நடந்தன. ஊர் ஊராகத் துடைப்பத்துடன் நடந்த துறவி காட்கே மகாராஜ், முதலமைச்சர் கேரிடமே நேரில் போய் இந்தப் பள்ளிகளுக்காகப் பேசினார். மானியம் திரும்பவும் கிடைத்தது. 1954-ல் கராட் நகரில் தொடங்கிய கல்லூரிக்கு அந்தத் துறவியின் பெயரையே வைத்தார் பாவுராவ்.

1959-ல் புனே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அதே ஆண்டில் பத்மபூஷண் விருதும் வந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர் டாக்டர் ஆனார்! அதே ஆண்டு மே 9-ல் கண்மூடினார். இன்று அந்தக் கழகத்துக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட கிளைகள். அதன் சின்னம் ஆலமரம். விழுது மண்ணைத் தொட்டால்தானே ஆலமரம் அகலமாக நிற்கும்!

நம்ம பங்கு என்ன?

நண்பர்களே, பாவுராவின் கணக்கில் நாலு பங்கு உண்டு. வீட்டின் பங்கு, ஊரின் பங்கு, அரசின் பங்கு, மாணவனின் பங்கு. முதல் மூன்றும் நமக்கு ஏதோ ஒரு வகையில் வந்து சேர்ந்துவிட்டன. நாலாவது பங்கு எங்கே?

நம்ம ஊர் தொடக்கப்பள்ளியில் ஓடாத மின்விசிறி இருக்கும். எலக்ட்ரிகல் பசங்க நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் போதும். கையடிப் பம்பு கிடந்தால் மெக்கானிக்கல் இருக்கிறது. ஒழுகுகிற கூரையைப் பார்த்துச் சொல்ல சிவில் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளையின் அம்மாவும் ஒரு நாள் நம்ம ஆபீஸ் ஜன்னல் வரிசையில் வந்து நிற்கப் போகிறவர்தான்.

அந்த முந்தானை முடிச்சுக்கு நாம் பட்ட கடனை வேறு எங்கே போய் அடைப்பது?