கணவருடன் வாழணும், இல்லைன்னா 6 மாசம் ஜெயில்... தீர்ப்பைக் கேட்டும் அசராத ருக்மாபாய் யார்?

சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டாக இருந்தாலும் சரி, நாமக்கல் கோர்ட்டாக இருந்தாலும் சரி, குடும்ப வழக்குன்னு படியேறும் பெண்ணுக்கு முதலில் வரும் கவலை ஒண்ணுதான். நம்ம பக்கம் நின்னு பேச வக்கீல் கிடைப்பாரா, அவருக்குக் கொடுக்கப் பணம் இருக்கா? சுமார் 140 வருஷத்துக்கு முன்னாடி பம்பாயில் ஒரு பெண்ணுக்கும் இதே கவலை வந்தது. அப்போ இந்துப் பெண்கள் விவாகரத்து கேட்கச் சட்டமே கிடையாது. அந்தப் பெண்தான் ருக்மாபாய்.

11 வயதில் கல்யாணம்

ருக்மாபாய் பிறந்தது 1864 நவம்பர் 22. தச்சு வேலை செய்யும் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா ஜனார்தன் பாண்டுரங் இறந்துவிட்டார். அம்மா ஜெயந்திபாய், சில ஆண்டுகள் கழித்து டாக்டர் சகாராம் அர்ஜுனை மறுமணம் செய்துகொண்டார். அவர்கள் சமூகத்தில் விதவை மறுமணத்துக்குத் தடை இல்லை. மறுமணத்துக்கு முன், முதல் கணவர் விட்டுச்சென்ற சொத்தை மகள் பெயருக்கு மாற்றி வைத்தார் ஜெயந்திபாய்.

11 வயதில் ருக்மாபாய்க்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தாதாஜி பிகாஜிக்கு 19 வயது. வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து படிக்க வேண்டும் என்பது பேச்சு. ஆனால் அவருக்குப் படிப்பு ஏறவில்லை. உடம்பும் கெட்டது. பிறகு தன் மாமா வீட்டுக்குப் போய்விட்டார். ருக்மாபாய் பிறந்த வீட்டிலேயே இருந்து, டாக்டரான வளர்ப்புத் தந்தையின் ஆதரவில் படித்து வளர்ந்தார். இருவரும் ஒருநாள்கூடக் கணவன் மனைவியாக வாழவில்லை.

வக்கீல் நோட்டீஸ் வந்தது

1884-ல் தாதாஜி, மனைவியை அனுப்பி வைக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ருக்மாபாய் போக மறுத்தார். உடனே பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்கு. இது விவாகரத்து வழக்கு இல்லை, அதற்கு நேர் எதிரானது. மனைவியைத் தன்னோடு சேர்த்து வைக்கச் சொல்லிக் கணவர் போட்ட வழக்கு.

ருக்மாபாய்க்காக ஆஜரானவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அட்வகேட் ஜெனரல் லேதம், பெயர்பெற்ற பாரிஸ்டர் இன்வெராரிட்டி, கூடவே கே.டி.தெலாங். காங்கிரஸை ஆரம்பித்தவர்களில் ஒருவரான தெலாங், பின்னாளில் பம்பாய் ஹைகோர்ட் நீதிபதியும் ஆனார்.

ஜெயித்தது எப்படி?

வாதம் ரொம்ப எளிமையானது. இந்த மாதிரி வழக்கு இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது. சேர்ந்து வாழ்ந்து பிறகு பிரிந்தவர்களை மறுபடி சேர்த்து வைக்கத்தான் அது. சேர்ந்தே வாழாதவர்களை முதல்முறையாகச் சேர்த்து வைக்க அதில் இடமில்லை. 1885 செப்டம்பரில் நீதிபதி பின்ஹே இதை ஏற்று, ருக்மாபாய் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

நாடே இரண்டாகப் பிரிந்தது. இந்து தர்மத்தில் கோர்ட் தலையிடுகிறது என்று திலகரின் பத்திரிகைகள் கடுமையாக எதிர்த்தன. இன்னொரு பக்கம், சமூகச் சீர்திருத்தவாதி பெஹ்ராம்ஜி மலபாரி ஆதரவு திரட்டினார். ருக்மாபாயே 1885-ல் ஓர் இந்துப் பெண் என்ற புனைபெயரில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்குக் கடிதங்கள் எழுதினார். பால்ய விவாகம் ஒரு பெண்ணின் படிப்பையும் வாழ்க்கையையும் எப்படி முடக்குகிறது என்பதுதான் விஷயம்.

அப்பீலில் கதை மாறியது

தாதாஜி அப்பீல் போனார். 1886-ல் அப்பீல் கோர்ட், இப்படி வழக்குப் போட அவருக்கு உரிமை உண்டு என்று சொல்லி, மறு விசாரணைக்கு அனுப்பியது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன் தீர்ப்புச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் கணவர் வீட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் 6 மாதம் ஜெயில்.

போக மாட்டேன், ஜெயிலுக்குப் போகத் தயார் என்று ருக்மாபாய் உறுதியாக நின்றார். விவகாரம் லண்டன் வரை போனது. அவர் எழுதிய கடிதம் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வெளியானது.

விக்டோரியா ராணி தலையிட்டுக் கல்யாணத்தை ரத்து செய்தார் என்று இன்னைக்கும் பலர் பகிர்கிறார்கள். ஆனால் வழக்கு முடிந்தது சமரசத்தில்தான். 1888 ஜூலையில் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி வற்புறுத்துவதில்லை என்று தாதாஜி ஒப்புக்கொண்டார். அதாவது, சட்டம் ருக்மாபாயை விடுவிக்கவில்லை. நாலு வருஷம் வக்கீல் வைத்து நடத்திய வழக்கும், கடைசியில் கொடுத்த பணமும்தான் விடுவித்தன. சொத்தும் பெரிய மனிதர்கள் ஆதரவும் இல்லாத ஒரு பெண்ணால் இது முடிந்திருக்குமா?

டாக்டர் ருக்மாபாய்

தாதாஜி வேறு கல்யாணம் செய்துகொண்டார். ருக்மாபாய் 1889-ல் இங்கிலாந்து போனார். பம்பாயில் பணியாற்றிய டாக்டர் ஈடித் பீச்சி அதற்குத் துணை நின்றார். லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்து டாக்டராகத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் சுமார் 35 ஆண்டுகள் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். இந்தியாவில் மருத்துவத் தொழில் செய்த முதல் பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர். அவர் வழக்கு கிளப்பிய விவாதத்துக்கு நடுவில்தான், 1891-ல் பெண்ணின் சம்மத வயதை 10-லிருந்து 12 ஆக உயர்த்தும் சட்டம் வந்தது.

1904-ல் தாதாஜி இறந்தபோது, ருக்மாபாய் விதவைக்குரிய வெள்ளைச் சேலை உடுத்தினார் என்கிறார்கள். சட்டப்படி அந்தக் கல்யாணம் கடைசி வரை ரத்தாகவே இல்லை.

நம்ம ஊருக்குச் சட்டம் எப்போ வந்தது?

அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கு வழி செய்யும் சட்டம் 1949-ல் வந்தது. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955 மே 18-ல் அமலானது. அதைக் கண்ணால் பார்த்த ருக்மாபாய், நாலே மாதத்தில், 1955 செப்டம்பர் 25-ல் காலமானார். வயது 90.

இன்னைக்கு என்ன வித்தியாசம்?

சேர்ந்து வாழச் சொல்லி மனுப் போடும் உரிமை, இந்து திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவில் இன்னும் இருக்கிறது. ஆனால் உத்தரவை மீறினால் ஜெயில் என்பது 1923-லேயே நீக்கப்பட்டுவிட்டது. அதனால் இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் பயப்பட வேண்டாம். அதற்காகக் கண்டுகொள்ளாமலும் விட்டுவிடக் கூடாது. நீங்கள் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடலாம்.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, பத்திரத்தில் எழுதித் தீர்த்துவிட்டோம் என்பார்கள் சிலர். அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்க முடிந்தால்தான் அது செல்லும். இல்லையென்றால் மறுமணமே சிக்கலாகிவிடும்.

வக்கீல் ஃபீஸுக்கும் வழி இருக்கிறது. சொந்த வருமானம் போதாதவர்கள், வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் எதிர்த்தரப்பிடமிருந்து கேட்டு 24-வது பிரிவில் மனுப் போடலாம். மனைவி தான் குடியிருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம், கணவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வக்கீல் ஏற்பாடு செய்வார்கள். 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம்.

தனியாக வக்கீல் வைப்பதென்றால், ஃபீஸ் எவ்வளவு, எதுக்கெல்லாம் என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்க. கோர்ட்டில் கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகல் உங்க கையில் இருக்கட்டும்.

ருக்மாபாய் காலத்தில் நல்ல வக்கீல் என்பது வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. இன்னைக்கு அது ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் இருக்கிற எந்தப் பெண்ணும் கேட்டு வாங்கக்கூடிய உரிமை.