லெஸ்ஸெப்ஸ் துரையும் இரு கால்வாய்களும்

தாம் கல்லாத தொழிலொன்றைத் தலைமேற்கொள்வார்க்கு, அத்தொழில் வல்லாரை ஆராய்ந்து துணைக்கொள்ளுதலே முதற் கடமையாகும். அதனினும் அரிது, அவ்வல்லார் கூறுவது தம் விருப்பத்திற்கு மாறானவிடத்தும் அதனைக் கேட்டு நடத்தலாம். முன்னதன் பயனையும் பின்னதைக் கைவிட்டதன் கேட்டையும் ஒருவர் வாழ்க்கையிலேயே காணலாகும். அவர் சூயெஸ் கால்வாயை வெட்டுவித்த பெர்டினாண்டு தெ லெஸ்ஸெப்ஸ் என்பார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1805-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து வெர்சேல்ஸ் நகரிற் பிறந்தார்; அரசாங்கத் தூதராய் அமர்ந்து, 1832-இல் எகிப்து நாட்டு அலெக்ஸாந்திரியாவை அடைந்தார். அந்நாட்டை ஆண்ட முகம்மது அலியின் மைந்தர் சையதுக்கும் இவருக்கும் நட்பு வளர்ந்தது. 1849-இல் இவர் உத்தியோகத்தை விட்டு விலகினார். 1854-இல் சையது எகிப்தின் அதிபரானார். அவ்வாண்டு நவம்பரிலேயே, செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் கால்வாய்க்கு உரிய அநுமதியை இவர் பெற்றார்.

லெஸ்ஸெப்ஸ் எஞ்சினீயர் அல்லர் என்பதை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். 1799-இல் நெப்போலியனுடன் சென்றோர், செங்கடல் மற்றதினும் முப்பதடிக்கு மேல் உயர்ந்திருக்கின்றதெனப் பிழைபட அளந்து கூறியிருந்தனர். 1847-இல் நிகழ்ந்த அளவை அப்பிழையைக் களைந்தது; ஆயினும் உலகத்தார் ஐயம் முற்றும் நீங்கவில்லை. எகிப்து அரசின் ஊழியத்திலிருந்த லினான், முஜெல் என்னும் இரு பிரெஞ்சு எஞ்சினீயர்கள் வகுத்த திட்டம் ஒன்று கையிலிருந்தும், லெஸ்ஸெப்ஸ் அதனையே முடிந்த முடிபாகக் கொண்டிலர். 1855-இல் சர்வதேசக் கமிஷன் ஒன்றைக் கூட்டினார். ஹாலந்து தேசத்துக் கொன்ராடு, ஆஸ்திரியாவின் நெக்ரெல்லி, இங்கிலாந்தின் மக்ளீன், ரெண்டெல், பிரஷ்யாவின் லென்ட்ஸே, பியெட்மாண்டின் பாலியோகாபா முதலியோர் அதில் அமர்ந்தனர். ஒரு நாட்டார்க்கே உரிய சூழ்ச்சியெனப் பிறர் பழியாதபடி பல நாட்டாரைத் தேர்ந்தமை அவரது நுண்ணறிவாம்.

அவருள் ஐவர் எகிப்துக்கே சென்று, நிலத்தைத் துளையிட்டும் கடலாழத்தை அளந்தும் ஆராய்ந்தனர். கால்வாயின் வடவாயிலை, ஆழ்ந்த நீர் கரைக்கு அணித்தாயுள்ள மேற்குப் புறத்திற்கு மாற்றினர். அவ்விடமே இன்று போர்ட் சையது எனப்படும் துறைமுகமாம். ஆங்கில எஞ்சினீயர்கள் கால்வாயை உயர்த்தி, இருமுனையிலும் கதவிட்ட நீர்த்தொட்டிகளால் கப்பல்களை ஏற்றியிறக்கலாமென்றனர். கமிஷன் அதனையும் ஆராய்ந்து, மட்டமான மணல் நிலமாதலின் கடல்மட்டத்திலேயே வெட்டுதல் தகுமென 1856-இல் முடிவு செய்தது. 1859-இல் வேலை தொடங்கிற்று. தொடக்கத்தில் எகிப்தியக் குடியானவர் கட்டாய ஊழியத்தால் பெரிதும் வருந்தினர். அவ்வூழியம் ஒழிந்த பின் யந்திரங்கள் மண்ணை வாரின. 1869 நவம்பர் 17-இல் கால்வாய் திறக்கப்பெற்றது. லெஸ்ஸெப்ஸின் புகழ் உலகெங்கும் பரந்தது.

அப்புகழே பின்னர் அவர் கண்ணை மறைத்தது. அமெரிக்கக் கண்டத்துப் பனாமா பூசந்தியையும் வெட்ட எண்ணி, 1879 மே மாதம் பாரிஸ் நகரில் ஒரு மகாசபையைக் கூட்டினார். 136 பிரதிநிதிகளுள் எஞ்சினீயர்கள் சிறுபான்மையோர். அரசியலாரும் வணிகரும் பூகோள நூலாருமே மிக்கிருந்தனர். பனாமாவோ மலையும் பெருமழையும் சாக்ரெஸ் என்னும் வெள்ளப்பேராறும் உடையது. கொதின் தெ லெப்பினே என்னும் பிரெஞ்சு எஞ்சினீயர், அவ்வாற்றை அணையால் தேக்கி ஏரியாக்கி, கப்பல்களைத் தொட்டிகளால் ஏற்றியிறக்குதலே வழியென்றார். லெஸ்ஸெப்ஸ் செவிசாய்த்திலர், சூயெஸில் வேண்டாதது ஈண்டும் வேண்டாவென்று துணிந்தார். கடல்மட்டக் கால்வாய்க்கு 74 பேர் இசைந்தனர், எட்டுப்பேர் மறுத்தனர். இசைந்தாருள் எஞ்சினீயர் 19 பேரே. லெஸ்ஸெப்ஸ் பனாமாவை முதன்முறை நேரிற் கண்டதும் அம்முடிவிற்குப் பின்னரே. 1880-இல் அவரது எஞ்சினீயர் குழு 84 கோடி பிராங்குக்கு மேற் செலவாகுமென மதிப்பிட, அதனை அவர் தாமே ஏறத்தாழ 66 கோடியாகக் குறைத்து வெளியிட்டார்.

1881-இல் தொடங்கிய வேலையில் வெட்டிய மலைச்சரிவுகள் மீண்டும் மீண்டும் இடிந்து வீழ்ந்தன. ஆறு பெருகி அழித்தது. மஞ்சட் காய்ச்சலும் மலேரியாவும் மக்களை ஆயிரக்கணக்கில் மாய்த்தன. இறந்தோர் ஏறத்தாழ இருபதினாயிரவர் என்ப. 1887-இல் தொட்டிமுறைக்கு லெஸ்ஸெப்ஸ் இசைந்தார், காலமோ கடந்துவிட்டது. 1889-இல் கம்பெனி முறிந்தது. அவர் பெயரையே நம்பிச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைப் பங்குகளிலிட்ட எளிய குடும்பங்கள் கணக்கில. 1893-இல் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது; முதுமையுற்ற அவர் அதனை அநுபவித்திலர். 1894 டிசம்பரில் உயிர் நீத்தார்.

பின்னர் அமெரிக்கர் அவ்வேலையை ஏற்றனர். 1905-இல் அவர்கள் அமைத்த பதின்மூவர் கொண்ட எஞ்சினீயர் குழுவிலும் எண்மர் கடல்மட்டத்தையே வேண்டினர், ஐவரே மறுத்தனர். ஆயினும் சாக்ரெஸின் வெள்ளத்தைக் கண்ணாற் கண்ட தலைமை எஞ்சினீயர் ஸ்டீவன்ஸ் அவ்வைவர் பக்கமே நின்றார். 1906-இல் அரசாங்கம் அவர் சொல்லை ஏற்றது. 1914-இல் திறந்த அக்கால்வாய், கொதின் காட்டிய அணையும் ஏரியும் தொட்டிகளும் கொண்டதே.

இவற்றால் நாம் அறிவதென்னை? வல்லாரைக் கூட்டுதல் கைதட்டுப் பெறுதற்கன்று. நம் எண்ணத்தின் குற்றத்தை நமக்கு முன்னரே காட்டுதற்கு. லெஸ்ஸெப்ஸ் முதன்முறை ஆராய்வாரைத் தேடினார். மறுமுறை இசைவாரைத் தேடினார். நெஞ்சுறுதியும் சொல்வன்மையும் இருமுறையும் அவர்பால் குறைந்தில. ஊர்ப் பொதுப்பணிக்குப் பிறர் பொருளை வாங்குவோர் யாவரும், ஏரிக்கரை ஒன்றை உயர்த்துவோராயினும், பள்ளிக்கூடம் ஒன்றை எழுப்புவோராயினும், மறுத்துரைக்கும் அறிஞர் ஒருவரையேனும் தம் அவையில் அமர்த்தி, அவர் சொல்லி முடிக்குந்துணையும் பொறுத்திருப்பாராக.